மெயினை அணைத்த கடையும் ஓடாத பேக்கப்பும்

தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் மட்டும்தான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் அக்காவின் கம்ப்யூட்டர் பழுதானது. கடையில் இருந்தபடியே இணைப்பு எடுத்து, ஹார்டு டிஸ்க்கை அழித்துவிட்டு எங்கள் சர்வரில் இருக்கும் பேக்கப்பை ஏற்ற முடிவு செய்தேன்.

"தம்பி, ஒரு டவுட்டு..." என்றார் போனில்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. டெய்லி நைட்டு தானா பேக்கப் ஆகுது" என்று பட்டனை அழுத்திவிட்டேன்.

ஏற்றி முடித்ததும் கேட்டார்: "திருநீர்மலை கல்யாண போட்டோ எங்கப்பா? இன்னும் ஆல்பமே போடல."

அப்போதுதான் தேதியைப் பார்த்தேன்; பேக்கப் பல வாரங்களாக ஓடவே இல்லை.

"அதத்தான் கேக்க வந்தேன். இப்பல்லாம் கடைய பூட்டும்போது கரண்டு மெயின ஆஃப் பண்ணிட்டுதானே போறேன், அப்புறம் எப்படி ஓடும்னு."

"போயிடுச்சுக்கா" என்று அழுதுவிட்டேன்.

"அழாதடா. கேமரா கார்டை இன்னும் அழிக்கல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது அவர் கடை பேக்கப் மதியத்தில் ஓடுகிறது. எந்த டிஸ்க்கையும் அழிக்கும் முன் பேக்கப் தேதியைப் பார்க்கிறேன். பிறகு, "ஏதாவது டவுட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலையூர்