வாசலில் கழற்றாத செருப்பு

ஆராய்ச்சிப் பிரிவு என்றால், எலி தீர்ந்துபோன அன்றைக்கு மனிதனைப் பிடித்துப் போட்டுக்கொள்வார்கள் என்று நான் மனதார நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. குடவாசலில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் எந்த பம்ப்செட் எரிந்தாலும் எனக்குத்தான் போன் வரும். இவ்வளவு விவரமான ஆள்தான் இப்படி நம்பினேன்.

வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். சர்க்கரை எனக்குப் பழைய சொந்தம், புண் புதுசு. வலியே இல்லாததால் நானும் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. எங்கள் ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும். தஞ்சாவூர்ல கால் புண்ணுக்குன்னு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கு, ஒரு தடவை காட்டிடுங்க" என்றார். செலவும் அதிகம் இல்லையாம். எனக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான்.

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது ஒரு முன்னேற்பாடு செய்துகொண்டேன். மோட்டாரைப் பிரிக்கும் முன் எந்த ஒயர் எங்கே என்று மார்க்கரால் குறித்து வைப்பது தொழில் பழக்கம். அதேபோல என் இடது பாதத்தின் மேல் 'நல்ல கால்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டேன். மாற்றி வெட்டிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? மனைவி எஸ்தர் பார்த்தாள்.

"நெத்தியிலயும் ஏதாவது எழுதிக்கங்களேன். அங்கதான் பழுது" என்றாள்.

குடவாசலில் இருந்து கும்பகோணம் இருபது கிலோமீட்டருக்குள். டவுன் பஸ்ஸில் எஸ்தருக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. கும்பகோணத்தில் பொங்கல், வடை, இரண்டு பூரி. கடைசிச் சாப்பாடு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த மரியாதையோடுதான் சாப்பிட்டேன். ஏழரைக்குத் தஞ்சாவூர் பஸ். இன்னும் நாற்பது கிலோமீட்டர். இருபுறமும் சம்பா நடவு. வாய்க்கால் நிறையத் தண்ணீர். வரப்பின் முனையில் வரிசையாகச் செருப்புகள், வயலுக்குள் குனிந்த முதுகுகள். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தியாகி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாபநாசத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குப் போகிறாராம். நான் விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணே, இந்த ஆராய்ச்சின்னா என்ன பண்ணுவாங்க?"

"எங்க வீட்டு மாட்டுக்குப் போன வருஷம் பண்ணாங்களே" என்றார் சாதாரணமாக.

"மாடு?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு லிட்டர் கூடக் கறக்குது."

எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஒன்பது மணிக்குத் தஞ்சாவூர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி. கால் புண் பிரிவு கீழ்த்தளத்தில். அறைக்கு வெளியே சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: 'செருப்புடன் உள்ளே வரவும்.' நன்றாகத்தான் படித்தேன். அதன் கீழேயே செருப்புகள் குவிந்து கிடந்தன. அதில் பாதி அடிப்பாகம் தடித்த விசேஷச் செருப்புகள். எல்லாரும் கழற்றியிருக்கும்போது நான் மட்டும் போட்டுக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள்? நானும் கழற்றினேன். எஸ்தரும் கழற்றினாள்.

உள்ளே செல்வி என்ற நர்ஸ். கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாராம், தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டுமாம். பரீட்சை என்றால் விடுவேனா? சற்று நேரம் பொறுத்து, "இப்ப" என்றேன். இன்னொரு தடவை, "இப்ப." மூன்றாவது தடவை குரலை உயர்த்தி, "இப்ப."

"அண்ணே, நான் இன்னும் உங்க காலைத் தொடவே இல்ல" என்றார் செல்வி.

பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லித் தொட்டுக் காட்டினார். இழை வளையும் அளவுக்கு விரலில் அழுத்துகிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் தடவையாக எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை.

அடுத்து இடது கால். 'நல்ல கால்' என்பதைச் செல்வி வாய்விட்டுப் படித்தார்.

"எழுத்து அழகா இருக்கு. எங்க ஆப்பரேஷன் தியேட்டர்லயும் இப்படித்தான் முன்னாடியே குறிப்போம்."

எஸ்தரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆனா நாங்க வெட்டப் போற பக்கம்தான் குறிப்போம்" என்றார் செல்வி.

எழுத்தை அழிக்கத் தேய்த்தேன். நான் வாங்குவதெல்லாம் நல்ல மார்க்கர். போகவில்லை.

டாக்டர் யாழினி வந்தார், முப்பதைத் தாண்டியிருக்கும். ஒரு சின்னக் கருவியைக் கணுக்காலில் வைத்தார். 'புஸ், புஸ்' என்று சத்தம் வந்தது. சத்தத்தை வைத்துச் சொல்வது என் துறை ஆயிற்றே. "ஓட்டம் சீரா இருக்கு டாக்டர்" என்றேன். "ஆமா, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. வந்ததும் எடுத்த எக்ஸ்ரேல எலும்பும் தப்பிச்சிருக்கு" என்றவர், அறைக்கு வெளியே எட்டிச் செருப்புக் குவியலைப் பார்த்தார்.

"உங்க பிரச்சினை அங்க கிடக்கு."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். புண் இருக்கும் இடத்தில் பாரம் விழாமல் நடந்தால் புண் ஆறும். அதற்கான செருப்பு வெளிநாடுகளில் ஆராய்ந்து நிரூபித்தது. இங்கேயும் கொடுத்தார்கள். பலருக்கு ஆறவில்லை. செருப்பில் குறையா, மருந்தில் குறையா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் செருப்பு வாசலில் பத்திரமாக இருந்தது. துடைத்துக்கூட வைத்திருந்தார்கள்.

"ரோட்டுல நீங்க எவ்வளவு நடக்கறீங்க? வீட்டுக்குள்ள, கடைக்குள்ள நடக்கறதுதானே அதிகம். அங்கெல்லாம் வெறுங்கால். விரல் எப்படி ஆறும்?"

அதனால் இப்போது இரண்டு ஜோடி தருகிறார்கள். இரண்டாவது வெள்ளை நிறம். அது தெருவையே பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் மட்டும். கூட வந்தவரும் சம்மதித்தால்தான் கொடுப்பார்கள். ஆராய்ச்சி என்று நான் பயந்தது, கடைசியில் எங்கள் வீட்டுக் கூடத்தைப் பற்றியதாக இருந்தது. கடல் தாண்டி வந்த சங்கதி எங்கள் வாசற்படியில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் எஸ்தரைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. வீட்டுக்குள்ள செருப்பு. சமையக்கட்டுக்கும்தான்."

"இருபத்தாறு வருஷத்துல இவர் சமையக்கட்டுப் பக்கம் வந்ததே இல்ல டாக்டர். அந்தக் கவலை வேண்டாம்" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "ஜெபம் பண்ற இடத்துக்கு?" என்றாள்.

"அங்க நின்னுதான் ஜெபமா?"

"முட்டி போட்டு."

"அப்ப அங்க போய்க் கழட்டட்டும். எழுந்து நிக்கறதுக்கு முன்னாடி மாட்டிக்கணும். போடலன்னா விரலுக்கு நான் பொறுப்பில்ல."

எஸ்தர் தலையாட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். மடியில் வெள்ளைச் செருப்பு. வந்த வழியேதான் போனோம், ஆனால் வரப்புகளில் கிடந்த செருப்புகளை இப்போது வேறு மாதிரி பார்த்தேன். சேற்றில் செருப்போடு இறங்க முடியாதுதான். ஆனால் மோட்டார் கொட்டகைக்குள்ளும் நான் வெறுங்காலோடுதானே நுழைவேன், கீழே ஒயர் துண்டும் நட்டும் கிடக்கும். தஞ்சாவூரில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் நடக்கும் இடத்தையெல்லாம் அவர்கள் கூடவே நடந்து பார்த்துவிட்டார்கள் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் கால் தானாகச் செருப்பை உதறியது. எஸ்தர் வெள்ளை ஜோடியை நிலைப்படிக்கு உள்ளே வைத்தாள்.

"மாட்டுங்க."

"எதிர்வீட்டுக்காரர் பாக்கறார்."

"பாக்கட்டும். விரல் அவருடையதா?"

அறுபது கிலோமீட்டர் தூரம் போய் வந்ததில் எனக்குக் கூச்சமாக இருந்தது அந்த ஓர் எட்டு வைக்கத்தான். வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டார், சொன்னேன். கடையிலும் போட்டுக்கொண்டேன், அங்கேயும் கேட்டார்கள், சொன்னேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போனேன். புண்ணைச் சுற்றித் தடித்த தோலைச் சீவிவிட்டு, அளந்து பார்த்து அனுப்பினார்கள். மார்கழியில் மிளகளவு ஆனது. தையில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது புண் மூடியது. விரலை எடுக்கவில்லை.