எதிர்த்தரப்பின் காரில் வந்த கிளையன்ற்

எங்கள் சட்ட கிளினிக்குக்குப் புதிதாக வரும் ஸ்டூடன்ற்ஸ் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "உங்கட ஃபர்ஸ்ட் கேஸ் என்ன அக்கா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எழுதிவைக்கிறேன். நான் வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அனுபவக் குறிப்பு எழுத இது போதுமா என்று கேட்காதீர்கள்.

என் முதல் கிளையன்ற், எதிர்த்தரப்பு ஓட்டிவந்த காரில் வந்து இறங்கினாள். எதிர்த்தரப்பு அவளை வாசலில் இறக்கிவிட்டு, பார்க்கிங்கில் நல்ல இடமாய்ப் பார்த்து வாகனத்தை விட்டுவிட்டு, ஒரு கையில் கார் சீற்றோடு பேபியையும் மறுகையில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது.

நடந்தது முழுக்க ஒரே கிழமைக்குள்தான், திங்களிலிருந்து வியாழன்வரை.

1. திங்கள்: "செய்யலாம் தங்கச்சி"

எங்களுடையது ஸ்கார்பரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கிற சட்ட உதவி கிளினிக். ஒரு பக்கம் சலூன், மறுபக்கம் சாப்பாட்டு ரேக் அவுட் கடை. நான் சேர்ந்து ஆறாவது கிழமை. யாராவது போன் அடித்தால் முதல் மணியிலேயே பாய்ந்து தூக்குகிற காலம்.

"அக்கா, எனக்கு எமான்சிப்பேற் ஆகவேணும்."

பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கோர்ட் ஒரு பேப்பர் கொடுத்து, "இனி உன் தாய் தகப்பனுக்கு உன்மேல் அதிகாரம் இல்லை" என்று சொல்கிற விஷயம் அது. பேசியவள் அபிஷா. பதினாறு வயது. ஸ்ரௌவ்விலில் புது வீடு. பிள்ளை பிறந்து இருபத்தைந்து நாள்.

"என்ன பிரச்சினை தங்கச்சி?"

"அம்மா முப்பத்தொண்டுக்கு இன்விற்றேஷன் காட் அடிச்சிட்டா. வட்ஸ்அப்பில எல்லாருக்கும் போயிட்டு. அதில என்ர பேர் எங்க இருக்கு தெரியுமோ? 'அன்பு அக்கா அபிஷா.' லிற்றரலி அக்கா."

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் பேர் வைத்து, சனத்துக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். அழைப்புக் காட்டில் பெற்றோர் என்ற இடத்தில் இருந்தது அபிஷாவின் அம்மா, அப்பாவின் பெயர்கள். அதாவது, அதன்படி அபிஷாவின் அம்மா வசந்தி அன்ரி நாற்பத்திரண்டு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறார். அபிஷாவுக்குத் தம்பி பிறந்திருக்கிறான்.

"பேர்த் ரெஜிஸ்ட்ரேஷனும் தான்தான் செய்யப்போறாவாம். எயிற்றீன் ஆகாம எனக்கு சைன் பண்ண ஏலாதாம். அவன் என்ர பேபி. அதுக்குத்தான் எமான்சிப்பேற்."

"செய்யலாம் தங்கச்சி," என்றேன். ஒரு புத்தகத்தைக்கூட விரிக்கவில்லை.

2. செவ்வாய், புதன்: கலிபோர்னியாவுக்கு பஸ்

செவ்வாய்க்கிழமை முழுக்க எழுதினேன். ஒன்பது பக்க மெமோ. கூடவே அபிஷா தன் தாய்க்குக் கொடுப்பதற்கு ஒரு கடிதம், பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து தான் விலகிக்கொள்வதாக. சும்மா இங்கிலிஷில் விட்டால் அழகில்லை என்று தமிழிலும் எழுதினேன். "இன்று முதல் என் வாழ்வின் தீர்மானங்கள் யாவும் என்னுடையவை" என்று தொடங்கும். எழுதிவிட்டு நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன். ட்ராஃப்ற் என்று மேலே போட்டு, போனில் அவள் விபரம் கேட்டு நான் நிரப்பிய இன்ரேக் ஃபோமில் இருந்த ஈமெயிலுக்கு அனுப்பினேன்.

புதன் காலை மெமோவை எங்கள் லோயர் சாந்தி அக்காவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் தாண்டவில்லை அவர்.

"உது எந்த ஊர்ச் சட்டம்?"

"அக்கா... நிறைய வீடியோ பார்த்தனான்."

"கலிபோர்னியாவுக்கு இங்கயிருந்து பஸ் போகுதோ?"

நான் பார்த்ததெல்லாம் கலிபோர்னியா வீடியோக்கள். எங்கள் ஒன்ராரியோ மாகாணத்தில் அப்படி ஒரு பேப்பரே இல்லை. பதினாறு வந்தால், பிள்ளை பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து தானாக விலகலாம். அதற்குக் கோர்ட்டும் வேண்டாம், சேர்டிபிக்கட்டும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குப் பதினாறோ முப்பத்தாறோ, அவள்தான் தாய். அவள் பெயரில் அவளே பதியலாம்.

"தாய்க்காரி தன்ர பேரைப் போட்டா அது பொய்ப் பதிவு. ஆஸ்பத்திரிக்குத் தெரியும் ஆர் பெத்ததெண்டு. முப்பது நாளுக்குள்ள பதியச் சொல்லுறாங்கள். இண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"இருபத்தேழு."

"கடிதம் கிடிதம் அனுப்பிப்போட்டியோ?"

கம்ப்யூட்டரைத் திருப்பி, அனுப்பிய ஈமெயிலைக் காட்டினேன். அக்கா இன்ரேக் ஃபோமைப் பார்த்தார். ஈமெயில் முகவரியில் அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெயரும் 'ஃபமிலி' என்ற சொல்லும் இருந்தன. எங்கள் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஹைட்ரோ என்கிற கரண்ட் பில், ஸ்கூல் ரிப்போர்ட், கோயில் அறிவித்தல் எல்லாவற்றுக்கும் ஒரே ஈமெயில். அதைத் திறந்து கொடுத்தது பிள்ளை, போனில் பார்ப்பது அம்மா. எங்கள் வீட்டிலும் அதேதான். இருந்தும் கவனிக்கவில்லை.

"முதல் அந்தப் பிள்ளைக்குப் போன் அடிச்சு மன்னிப்புக் கேள்," என்றார் அக்கா. "பிறகு கேள், வீட்டில பயமோ எண்டு."

அடித்தேன்.

"அம்மா வாசிச்சிட்டா அக்கா. ரெண்டு தரம்."

"ஐயோ, சொறி அபிஷா. அது முழுக்க என்ர பிழை. என்ன சொன்னவ?"

"தமிழ் நல்லாயிருக்காம்."

"ஏசினவவோ? அடிச்சவவோ? அங்க இருக்கப் பயமெண்டா இப்பவே சொல்லு, வேற இடம் பார்ப்பம். எப்பிடியும் நாளைக்கு இங்க வா."

"இல்லையக்கா. கதைக்கிறேல்லை, அவ்வளவுதான். ஆனா மூண்டு நேரமும் பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற சரக்குக்கறி வைச்சுத் தாறா. நாளைக்கு அப்பொயின்ற்மென்ற்றுக்கும் தானே கொண்டந்து விடுறாவாம். இங்க பஸ் ஒண்டும் வராது."

3. வியாழன்: ரோல்ஸ்

இருபத்தெட்டாம் நாள். அபிஷாவைச் சாந்தி அக்கா உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கிளையன்ற் சொல்வதை வேறு யாரும் கேட்கக்கூடாது. அன்ரி வெளியே, பேபி அவர் மடியில், ரோல்ஸ் என் மேசையில். சூடாக இருந்தது. மணம் வேறு.

"நீதானோ அந்தக் கடிதம் எழுதின பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"சாப்பிடு."

"கேஸ் முடியாம சாப்பிடக் கூடாது அன்ரி." இப்படி ஒரு விதி உண்மையில் இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்ரி பேபியின் தொப்பியைச் சரிசெய்தார். "என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் எண்டு எனக்கு விளங்குது. சனத்துக்குப் பயந்து செய்யிறன் எண்டு. கொஞ்சம் பயம்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இவள் மற்ஸில தொண்ணூறுக்குக் கீழ எடுத்ததே இல்லை. இவன் என்ர பிள்ளையெண்டா, இவள் செப்டெம்பர் ஸ்கூலுக்குப் போகலாம், பிறகு யூனிவெர்சிற்றி. ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். அவளைச் சுதந்திரமா விட்டுவிடத்தான் பார்க்கிறன்."

என் ஒன்பது பக்கத்திலும் இது இல்லை. மகளுக்கு விடுதலை வாங்கித்தர என்னைப்போலவே அன்ரியும் ஒரு பேப்பர் தயாரித்திருக்கிறார். அவருடையது அழைப்புக் காட்டாக இருந்தது.

"அன்ரி, பேபியோட ஸ்கூலுக்குப் போற பிள்ளையள் இருக்கினம். அதுக்குப் புரோகிராமே இருக்கு. அவ தாயா இருந்துகொண்டே போகலாம்."

"ஆர் பார்க்கிறது இவனை?"

"அதை நீங்கள் அவவைத்தான் கேக்கவேணும்."

"அவளைக் கேக்கிறதோ?" என்றார் அன்ரி. அப்படி ஒரு வழி இருப்பதை அப்போதுதான் கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது முகம்.

உள்ளே நடந்ததை அபிஷாவின் அனுமதியோடு எழுதுகிறேன். சட்டமெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சாந்தி அக்கா கேட்டிருக்கிறார், "நீ வீட்டை விட்டுப் போகலாம். போகப்போறியோ?"

"நோ. எனக்கு ஏன் போகவேணும்? டொக்டர், 'பேபி நல்லா நித்திரை கொள்ளுறானோ' எண்டு கேட்டா, நான் வாய் திறக்க முதல் அம்மா பதில் சொல்லுறா. எனக்கு அந்தப் பதிலைச் சொல்லவேணும். அவ்வளவுதான்."

அங்கேயே அவள் போனில் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபோமைத் திறந்தார்கள். பேபியின் தகப்பன், விட்பியில் இருக்கிற பதினேழு வயதுப் பெடியன், தன் பங்கு விபரங்களை ரெக்ஸ்ற்றில் அனுப்பிக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றுக்கும் மூன்று இதயப் படத்தோடு. தாயின் பெயர் என்ற கட்டத்தில் அபிஷா தன் பெயரைப் போட்டாள். வயது போதாது என்று ஃபோம் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வரவும், அன்ரியின் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஸ்பீக்கரில்தான் எப்போதும் கதைப்பார். டொக்டர் ஒஃபிஸ், தமிழ் ரிசெப்ஷனிஸ்ற்.

"பேபியின்ர ஒரு மாசச் செக்கப்புக்காகப் போன் எடுக்கிறன். பேபியின்ர அம்மாவோ கதைக்கிறது?"

அன்ரி வாயைத் திறந்தார். நாக்கு நுனிவரை 'ஓம்' வந்துவிட்டது என்று நான் சத்தியம் பண்ணுவேன். அபிஷா வாசலில் அசையாமல் நின்றாள். பின்னால் சாந்தி அக்கா. நான் ரோல்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் அம்மம்மா," என்றார் அன்ரி. "தாய் நிக்கிறா. குடுக்கிறன்."

அபிஷா போனை வாங்கினாள். "ஓம், நல்லா நித்திரை கொள்ளுறான். ராவிலதான் இல்லை," என்றாள்.

அவள் கதைத்து முடிக்கும்வரை அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ நல்ல தமிழ் எழுதுறாய். அந்தக் காட்டைத் திருத்தித் தா. ஞாயிற்றுக்கிழமை சனம் வருது."

நான் சாந்தி அக்காவைப் பார்த்தேன். "கிளையன்ற்றைக் கேள்," என்றார். அபிஷா தலையாட்டினாள். ஐந்து நிமிஷ வேலை. பெற்றோர் இருந்த இடத்தில் அபிஷாவும் அந்தப் பெடியனும். 'அன்பு அக்கா' இருந்த வரியை அழித்து, 'அழைப்பது அம்மம்மா, அம்மப்பா'. அன்ரி அதை அதே வட்ஸ்அப் குறூப்பில் போட்டார். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கெல்லாம் கைகூப்புகிற படம் ஒன்றைத்தான் அனுப்பினார்.

அவர்கள் போன பிறகு ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. நான் மூன்று சாப்பிட்டேன்.

எங்கள் இன்ரேக் ஃபோமில், இந்தக் கேஸுக்குப் பிறகு சேர்த்த இரண்டு கேள்விகளைக் கண்டிருப்பீர்கள். "இந்த ஈமெயிலை வேறு ஆர் வாசிப்பினம்?" என்பது ஒன்று, அது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். மற்றது, "உங்களை இங்கே ஆர் கொண்டுவந்து விட்டது?" என்பது. அதற்கு வரும் பதிலைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதத் தொடங்காதீர்கள்.