மாற்றப்பட்ட இசை

சாய்ந்தமருதில் இருக்கும் நண்பர் ஒருவர் எடுத்த குறும்படத்துக்கு என் கணவர் இசையமைத்தார். கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை அது. மாதக்கணக்காகக் கீபோர்டும் கையுமாக இருந்தார். திரையிடலுக்கு நானும் கூடப் போனேன். விளக்கணைந்து இசை தொடங்கியதும் அவர் என் கையை இறுகப் பிடித்தார். அது அவருடைய இசையில்லை. கொழும்பில் வேறொருவரைக் கொண்டு புதிதாகப் போட்டிருந்தார்கள்.

வாசலில் நண்பர் தலைகுனிந்து நின்றார். “முந்தியே சொல்ல வாய் வரல்ல மச்சான்.”

“பரவால்ல, படம் நல்லா இரிக்கி” என்றார் என் கணவர். அதன்பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவர் கதைக்கவேயில்லை.

படம் யூடியூபில் வந்த அன்று பின்னேரம், நான் அதன் சத்தத்தை நிறுத்திவிட்டு, என் போனில் இருந்த அவருடைய இசையைச் சேர்த்து ஓடவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் கடற்கரையில் தனியே நிற்கும் இடத்தில், “இதுல என்ட இசை கூடிப்போச்சு. அவங்க போட்டதுதான் சரி” என்றார்.

“ஓம். ஆனா தோணி திரும்பி வாற இடத்துல உங்கடதக் கேட்டாத்தான் எனக்கு அழுகை வருது.”

அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். இந்த முறை அவருக்கும் கண் கலங்கியது.