மணியை நாழிகையாக்கும் முறை

என் மகளை அந்த மனிதருக்குக் கொடுக்காதது தவறு என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. என் அண்ணனே சொல்கிறார். சொல்லட்டும். எனக்கு வருத்தம் இல்லை. எவ்வளவு கிட்டத்தில் போய்த் திரும்பினோம் என்ற நினைப்புத்தான் இன்னும் போகவில்லை.

அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். எங்களுக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுக் காத்திருந்தாள். அவள் ஜாதகத்தில் செவ்வாய் லக்னத்துக்கு எட்டில் இருந்தது. அப்படி இருந்தால் புருஷன் உயிருக்கு ஆகாது, அதே தோஷம் உள்ளவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மூன்று இடம் வந்து, ஜாதகத்தைப் பார்த்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது இடம் அரிமளத்திலிருந்து என் அண்ணன் கொண்டுவந்தது. மாப்பிள்ளை கொடும்பாளூர்ப் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்தார். முப்பத்தெட்டு வயது, மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள். அவருக்கும் செவ்வாய் தோஷம். அண்ணனுக்கு அதில் பெரிய நிம்மதி. "தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு. இதுக்கு மேல என்னத்தா வேணும் ஒனக்கு?" என்றார். தாய்மாமன் முடிவு செய்தபிறகு எங்கள் வீடுகளில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. ஜாதகத்தைப் பிரதி எடுத்து வைக்கும்படியும், ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் வகுப்பில் காலக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அணா போய் நயா பைசா வந்திருந்தது. சேர் போய்க் கிலோ வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு எல்லாமே பத்துப் பத்தாக ஏறும் என்று பழகிவிட்டது. ஒரு மணி நாற்பது நிமிஷத்தை நாழிகையாக்கச் சொன்னால், 1.40 என்று எழுதி, இரண்டரையால் பெருக்கி, மூன்றரை நாழிகை என்றார்கள். நிமிஷம் அறுபதில் ஏறுகிறது, நாள் இருபத்துநாலு மணியில் முடிகிறது, அதே நாளை நாழிகை வேறு விதமாக அறுபதாகப் பிரிக்கிறது, ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம், அதற்குள் அறுபது விநாடி என்று மூன்று நாள் தொண்டை வற்றச் சொன்னேன். ஏறவில்லை. கடைசியில், யோசிக்கவே வேண்டாம், சொன்னதைச் செய்தால் போதும் என்கிற மாதிரி ஒரு முறையை அட்டையில் எழுதினேன்.

மணியை அறுபதால் பெருக்கு. நிமிஷத்தைக் கூட்டு. வந்ததை இருபத்துநாலால் வகு. ஈவு நாழிகை. மீதியை விநாடி என்று எழுதிவிடாதே. அதை இரண்டரையால் பெருக்கு. அதுதான் விநாடி.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து, ஜாதகத்தைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். எதிரே என் மகள் அந்த அட்டையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே மூளையைக் கழற்றிவைத்தவள் போல, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் செய்தாள். நூறு நிமிஷம், நாலு நாழிகை பத்து விநாடி. சரியாக வந்தது. அடுத்து என்ன போடலாம் என்று பார்த்தவள், ஜாதகத்தோடு மடித்திருந்த துண்டுச் சீட்டை எடுத்தாள். அவள் பிறந்த அன்று என் வீட்டுக்காரர் எழுதியது. ஐப்பசி இரண்டாம் தேதி, காலை மணி 6-40. உதயம் ஆறு மணி என்று வைத்துக் கழித்தாள். நாற்பது நிமிஷம், ஒரு நாழிகை நாற்பது விநாடி. ஜாதகத்திலும் உதயாதி நாழிகை 1-40 என்றே இருந்தது. உதயாதி என்றால் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணியது.

கணக்கு சரி. ஆனால் எனக்கு ஏதோ இடித்தது. உதித்ததிலிருந்தா? நான் பெற்றபோது சூரியன் ஏது? மருத்துவச்சி விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னது ஞாபகம் இருந்தது. தண்ணீரைக் கொட்டக் கொல்லைக் கதவைத் திறந்தபோது, படுத்தபடியே விடிவெள்ளியைப் பார்த்தேன். அதை எப்படி மறப்பேன்?

டியூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஐப்பசி மாதம், மழை மூட்டமாக இருந்திருக்கும் என்றார். மூட்டத்தில் விடிவெள்ளி எப்படித் தெரியும் என்றேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"யுத்த நேரம்" என்றார்.

யுத்தத்தின்போது சர்க்கார் கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி முன்னே தள்ளிவைத்திருந்தார்கள். இவர் தினமும் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து வீட்டு டைம்பீஸைத் திருப்பிவைப்பார். அன்றைய 6-40 உண்மையில் 5-40. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அதைச் சீட்டில் குறிக்கவில்லை. சோதிடர் கேட்கவில்லை. நானும் பத்தொன்பது வருஷம் அந்தச் சீட்டை மடித்து மடித்து வைத்திருந்தேன்.

மகள் பென்சிலை எடுத்தாள். உதயத்துக்கு முன்னால் என்றால் முதல்நாள் உதயத்திலிருந்து எண்ண வேண்டும். இருபத்துமூன்று மணி நாற்பது நிமிஷம். பெருக்கினாள், கூட்டினாள், வகுத்தாள். ஐம்பத்தொன்பது நாழிகை பத்து விநாடி. பிறகு அட்டையில் என் முதல் வரிக்கு மேலே, இன்னொரு வரி எழுதினாள்: எந்தக் கடிகாரம் என்று கேள்.

மறுநாளே நானும் அவளும் பஸ் ஏறித் திருமயத்தில் இருந்த அதே சோதிடரிடம் போனோம். கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன். அவர் அசரவில்லை. நேரம் நீங்கள் கொடுத்ததுதானே என்றார். அது உண்மை, அதனால் இன்னும் கோபம் வந்தது. பழைய பஞ்சாங்கத்தை எடுத்து மறுபடி போட்டார். துலா லக்னம் கன்னி லக்னமானது. செவ்வாய் இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ரிஷபத்தில். ஆனால் இப்போது கன்னியிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் இடம். தோஷம் இல்லை. அவ்வளவுதான் என்றார், காய்கறிக் கடையில் எடைக்கல்லை மாற்றிவைப்பவர் மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். இனி அந்த ரைஸ்மில்காரருக்கு அவசியமில்லை, நல்ல இடமாகப் பார்க்கலாம், போன மூன்று பேருக்கும் சொல்லியனுப்பலாம் என்றெல்லாம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தாளுக்குத் தோஷம் இருந்து, அவரு பொண்டாட்டி செத்துருச்சு. அவரு மட்டும் ரெண்டாந்தாரம் தேடலாம். சரி, அதை விடுங்கம்மா. இப்பவும் எட்டாமெடத்துலயே இருந்திருந்தா, என்னய அவருக்குக் குடுத்திருப்பீங்களா?"

பதில் அவளுக்குத் தெரியும். முக்கால் பிரதி என் கையெழுத்தில் வீட்டில் கிடந்தது. விடிவெள்ளி ஞாபகம் வந்திருக்காவிட்டால், மீதிக் கால் பங்கையும் எழுதி முடித்திருப்பேன். படித்தவள், கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். என் பிள்ளையை அந்தக் கட்டங்களுக்குள் வைத்து, தூக்கிக் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் கூட வந்திருந்தார். தோஷம் கழிந்த கதையைச் சொன்னால் போதும், மரியாதையாகவே எழுந்து போயிருப்பார்கள். என் வீட்டுக்காரரும் அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் கண் காட்டினார். நான் சொல்லவில்லை. பெண் பயிற்சிக்குப் போகிறாள், இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்றேன்.

"ஜாதகத்துல எதுவும் பொருந்தலையாத்தா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஜாதகத்தப் பத்திப் பேச்சில்லண்ணே. அதுல என்ன இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

"செவ்வாய எட்டுல வச்சிக்கிட்டு, ஒம் மகளுக்குக் கலெக்டர் வருவான்னு இருக்கியா?"

"யாரும் வரலன்னாலும் சரி."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பொம்பளை சம்பாதிக்கிற வீட்டில் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று வாசலில் நின்று சொன்னார், என் காதில் விழும்படியாகவே. என் வீட்டுக்காரர் எழுந்து போய், "பதினொண்ணேகாலுக்கு ஒங்க பக்கம் பஸ்ஸு இருக்குங்க" என்றார். அவர் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு கடுமையாக வைததில்லை.

சோதிடர் மூலம் விஷயம் தெரிந்து, இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஓடிவந்தார். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, சுத்த ஜாதகம், கொண்டா, நாலு இடத்தில் காட்டுகிறேன் என்றார். தரமாட்டேன் என்றேன். தப்பான ஜாதகம் அவளை விலைபோகாதவள் ஆக்கியது, சரியான ஜாதகம் விலை ஏற்றுகிறது. இரண்டும் எனக்கு வேண்டாம் என்றேன். அதோடு போனவர், மூன்று பொங்கலுக்கு வரவில்லை.

என் மகள் இப்போது கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அவள் பஸ் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். போன மாதமும் ஒருவர் ஜாதகம் கேட்டு வந்தார். பெண்ணைப் பார்த்துப் பேசுவதென்றால் பேசுங்கள், ஜாதகம் கொடுப்பதில்லை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.