கொக்கி எட்டும் தூரம்

தினமும் காலை ஏழு மணிக்கு மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட், கைபேசி எல்லாவற்றையும் கழற்றி ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போக முடியும். ஜெர்மனியில், நெக்கார் ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், மின்சாரக் கார்களைப் பழுது பார்க்கிற பட்டறை அது. பெரிய பேட்டரியைத் திறந்து வைத்து வேலை செய்கிற கூடத்தில் உடம்பில் உலோகமும் இருக்கக் கூடாது, காதில் கைபேசிச் சத்தமும் விழக் கூடாது. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு நான் குனிந்ததும் எனக்கு இரண்டு மீட்டர் தள்ளி யூர்கன் வந்து நிற்பார். ஐம்பத்தைந்து வயது, கட்டை மீசை, கையில் ஆளுயரக் கொக்கி ஒன்று. என்னைக் கரண்ட் பிடித்துவிட்டால் அந்தக் கொக்கியை என் இடுப்பில் மாட்டிச் சுண்டி இழுக்க வேண்டும். அதுவரை அவருக்கு வேறு வேலை கிடையாது. பேசக் கூடாது, என்னை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மறுநாள் முறை மாறும். அவர் குனிவார், நான் கொக்கியோடு நிற்பேன். ஒருவன் வேலை செய்ய, அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கென்றே இன்னொருவனுக்குச் சம்பளம் என்பதை ஐந்து வருடமாகியும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் தொழில் கற்றது சேரன்மகாதேவியில், மெயின் ரோட்டோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில். கூடவே கற்றவன் முருகையா. பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று தெரிய அதன் இரண்டு முனைகளையும் ஸ்பேனரால் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்போம். அதுதான் எங்கள் மீட்டர். நான் அங்கிருந்து துபாய்க்குப் போய், பிறகு மொழிப் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தேன். முருகையா அதே ஊரில் சொந்தமாகப் பட்டறை போட்டுக்கொண்டான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் பட்டறையில் ஒரு நாளாவது கிரீஸ் படாமல் வந்ததில்லை.

உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது எங்கள் வீட்டுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. செவ்வாயும் வெள்ளியும் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வாடகைக் கார் கிடைக்காமலில்லை. ஆனால் நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் வாந்தியெடுக்கிற உம்மாவை முகம் சுளிக்காமல் ஏற்றி வர ஆள் கிடைப்பது அரிது. விடுமுறையில் போனவன் ஒரு மின்சாரக் காரை வாங்கி நிறுத்தினேன். குலுங்காது, புகை நாற்றமில்லை, உம்மாவுக்குக் குமட்டாது என்பது என் கணக்கு. வாப்பாவே ஓட்டுவார். வண்டி என் பெயரில், கம்பெனியில் பதிந்ததும் என் கைபேசி எண். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான்.

வண்டியைப் பார்க்க முருகையா வந்திருந்தான். முன்பக்க மூடியைத் திறந்ததும் பழக்க தோஷத்தில் உள்ளே கையை நீட்டினான். நான் பட்டென்று தட்டிவிட்டேன். “தொடாதலே! இது டீசல் வண்டி இல்ல.” அவனோடு வந்திருந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்தபடி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், துடைக்க அதில் ஒன்றுமில்லை என்றாலும். வாப்பாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்: கம்பெனிக்காரனைத் தவிர ஒருத்தனும் இதில் கை வைக்கக் கூடாது, வெளியாள் தொட்டால் உத்தரவாதம் போய்விடும். வாப்பா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு என்றால் அவருக்கு உத்தரவுதான்.

ஒரு வருடம் நன்றாகத்தான் ஓடியது. என் கைபேசியில் வண்டி ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். வேலைக்கு உடை மாற்றும் நேரத்தில் அது வீரவநல்லூரைத் தாண்டும். மதியச் சாப்பாட்டுக்கு நான் வெளியே வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். உம்மாவுக்கும் இது தெரியும். வீட்டுக்கு வந்து இறங்கியதும் போனில், “வந்துட்டோம், பாத்தியா?” என்பார். நான் ஏதோ மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததுபோல. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பெட்டியைப் பூட்டும்போது புள்ளி பத்தமடையில் நின்றிருந்தது, பேட்டரி எண்பத்தொரு சதவீதம். மாத்திரை போடத் தண்ணீர் வாங்க நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்தேன். தண்ணீர் வாங்கிவிட்டு வாப்பா பொத்தானை அழுத்தினார், வண்டி எழவில்லை. திரை இருட்டு. கம்பெனிக்குப் பேசினார். உதவி வண்டி அனுப்புகிறோம், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். அது வந்தது இரும்புப் பெட்டிக்குள். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஒன்பது மணி இடைவேளைக்கு நான் பெட்டியைத் திறந்தபோது நான்கு ஓடிபி, பதினோரு தவறிய அழைப்பு. ஊரில் மணி பன்னிரண்டரை. உம்மாவைப் படுக்க வைக்க வேண்டிய நேரம் பதினொன்றரை.

டீக்கடைக்காரர் சொல்லி முருகையா தன் லோடு ஆட்டோவில் வந்து சேர்ந்திருக்கிறான், கையோடு ஒரு பேட்டரியும் இரண்டு வயருமாக. மின்சாரக் காருக்குள்ளும் சாதாரணக் கார்களில் இருக்கிற மாதிரி ஒரு சின்னப் பேட்டரி உண்டு. பெரியதை எழுப்புவதே அதுதான். அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி கட்டைதான். எங்கள் பட்டறைக்கு வருகிற கோளாறுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. முருகையா அதைச் சரியாகவே ஊகித்திருந்தான். வாப்பா மூடிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டாராம். “வேண்டாம் முருகையா. மவன் தொடக் கூடாதுன்னுருக்கான். கம்பெனிக்காரன் வரட்டும்.” வெயிலில் ஒரு மணி நேரம் அப்படிப் போனது. கடைசியில் உம்மாவை லோடு ஆட்டோவின் முன் சீட்டில் உட்கார்த்தி அவனே பாளையங்கோட்டைக்குக் கொண்டு சேர்த்தான். அடுத்த ஆள் காத்திருந்ததால் நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் உம்மாவின் கால்கள் வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்து, மறுபடி ஓட வேண்டியதாயிற்று.

இதை யூர்கனிடம் என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன். அக்கறையாகக் கேட்டார். “வண்டியை யாரும் தொடவில்லையே?” என்றார். இல்லை என்றேன். “ஸேர் கூட்,” மிக நல்லது, என்று என் தோளைத் தட்டினார். “உங்கள் அப்பா சரியாக நடந்துகொண்டார்.” உம்மா தாமதமாகப் போனதைச் சொன்னபோது, “வேறு டெர்மின் கொடுத்திருப்பார்களே?” என்றார். டெர்மின் என்றால் முன்பதிவு நேரம். இந்த நாட்டில் பல்லுக்கும் அது வேண்டும், பிரேக்குக்கும் வேண்டும். ஆறு வாரம் கழித்துத்தான் என்றாலும் யாரும் முணுமுணுப்பதில்லை, மாற்றுக் கார் ஒன்று கிடைத்துவிடும். கெட்ட எண்ணத்தில் அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் பாராட்டியது என் உத்தரவைத்தான், அந்த உத்தரவுதான் உம்மாவைத் தெருவில் உட்கார வைத்தது.

கம்பெனியிடம் நானே பேசினேன். திருநெல்வேலியில் விற்பார்கள், கழுவுவார்கள், டயர் மாற்றுவார்கள். மற்றபடி கணினியை மாட்டிப் பார்க்கிற ஆள் மதுரையில். வண்டியை ஏற்றிக் கொண்டுபோனால் இரண்டு வாரம் ஆகலாம். வெளியாள் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று நான் வாப்பாவிடம் சொன்ன அதே வாக்கியத்தைப் போனில் பேசிய கம்பெனிப் பெண் என்னிடம் சொன்னார். வியாழக்கிழமை மதியம் பட்டறையின் கார் நிறுத்தத்தில் நின்று முருகையாவை வீடியோவில் அழைத்தேன். பத்தமடையில் அதே புளியமரத்தடியில், வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

“என்னலே சலீமு, இப்பவாவது தொடலாமா?” என்றான்.

மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். “தொடு” என்று மட்டும்தான் வந்தது. பிறகு வழக்கம்போல ஆரம்பித்துவிட்டேன், பெரிய பேட்டரியின் ஆரஞ்சு வயர் பக்கம் போகாதே, மோதிரத்தைக் கழற்று என்று. “ஆரஞ்சுப் பக்கமே நான் எட்டிப் பாக்கல வே. எனக்கும் புள்ளைய இருக்கு,” என்றான். அவன் குனிந்தபோது எனக்குத் திடீரென்று பயம் வந்தது. பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கத்தினேன். அந்தச் சின்னப் பேட்டரிக்கு அதெல்லாம் தேவையே இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஆள் இல்லாமல் கை வைக்காதே என்றேன். வாப்பா தன் பழைய குடையோடு படத்துக்குள் வந்தார். வளைந்த மரப்பிடி போட்ட குடை. எப்படி நிற்க வேண்டும் என்று சொன்னேன். குடையைத் தலைகீழாகப் பிடித்து, பிடி முருகையாவின் இடுப்புக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டார். முருகையா மாட்டி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, அவனை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. யூர்கன்கூட அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. திரை ஒளிர்ந்ததும் டீக்கடைக்காரர் கை தட்டினார்.

முருகையா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “கம்பெனில ஒன் நம்பர எடுத்துட்டு வாப்பா நம்பரப் போடு. வண்டி இங்கன கெடக்கு, ஓடிபி அங்கன வருது. ஒனக்கு இது என்னத்துக்குலே?” அன்று மாலையே மாற்றினேன். உறுதி செய்ய எனக்குக் கடைசியாக ஓர் ஓடிபி வந்தது. போட்டேன். நீலப் புள்ளி போய்விட்டது. உங்கள் கணக்கில் வண்டி எதுவும் இல்லை என்று திரை சொன்னது, கீழே ‘புதிய வண்டியைச் சேர்க்கவும்’ என்று ஒரு பொத்தான். உம்மாவிடம் விவரம் சொன்னேன். “அப்ப நாங்க வந்து சேந்தது ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார். போன் பண்ணுங்கள் என்றேன். “நீதான் பொட்டிக்குள்ள வச்சிப் பூட்டிருவியே” என்றார். குறையாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்தினார், அவ்வளவுதான்.

ஊரில் வயதானவர்களுக்கு இந்த வண்டிகளை வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைப்போல வந்து உட்கார்ந்திருப்பவர்கள், கம்பெனியில் யார் எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். இதற்கு மேல் அறிவுரை சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, தகுதியும் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை, கொக்கி பிடிப்பது என் முறை. யூர்கன் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிகிறார். சுவரில் மணி ஏழரை, ஊரில் பதினொன்று. இந்நேரம் வண்டி மேலப்பாளையத்தைத் தாண்டியிருக்கும். தாண்டாமல் எங்கேயாவது நின்றும் இருக்கலாம். ஒன்பது மணிவரை எனக்குத் தெரியாது. யூர்கனை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கொக்கி என் கையில்தான் இருக்கிறது. அது எட்டுகிற தூரத்தில் யூர்கன் மட்டும்தான் நிற்கிறார்.