மஜீது பாய் இன்னும் எழவில்லை

பொத்தானை அழுத்திவிட்டு அஜீசா அரிசி களையப் போய்விடுவார். கணினி முனகும், நிற்கும், மறுபடி முனகும். உலையை ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வரும்போதும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். வாசலில் அதற்குள் இரண்டு பேராவது காகிதங்களோடு வந்து நிற்பார்கள்.

"இன்னாம்மா, மஜீது பாய் எய்ந்தாரா இல்லியா?"

"எய்ந்துகினே கீறாரு. குந்து கொஞ்சம்."

தெருவில் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குத் திரை லேசாக அதிரும். பிறகு மஞ்சள் ஹெல்மெட்டும் வெயிலுக்குச் சுருங்கிய கண்களுமாக ஒரு முகம் வரும். அதன் கீழே மஜீது என்று ஆங்கில எழுத்துகள். முகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அஜீசா முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொள்வார். எதற்கு என்று கேட்டால், "ஆளுங்க வந்து போற எடம் இல்லியா" என்பார்.

மஜீது அவருடைய கணவர். சவுதியில், ஜுபைலில் குழாய் ஃபிட்டர், பதினாறு வருடமாக. கடைசியாக ராயபுரத்துக்கு வந்துபோய் நாலு வருடம் ஆகிறது. அப்போது நாற்பத்திரண்டு நாள் இருந்தார். அந்த விடுப்பில்தான் கணினியை வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தார். தன் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, மதியங்களில் சீட்டு விளையாடினார். அவர் போனபின் ஒரு மாதம் அஜீசா அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் ரேஷன் கார்டில் ஒரு பெயர் சேர்க்க வேண்டியிருந்தது. துணியை எடுத்தார்.

இப்போது அந்தச் சந்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் போட வேண்டுமானாலும் அங்கேதான் வருகிறார்கள். முகவரி மாற்றம், முதியோர் பென்ஷன், மீன்பிடித் தடைக்கால நிவாரணம். அஜீசாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அனுப்புகிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வந்தவர்களின் பெயரை அவர்களுக்கே மூன்று முறை உரக்கப் படித்துக் காட்டுவார். மூன்று முறையும் அவர்கள் "ஆமா" சொல்ல வேண்டும்.

"எம் பேரு எனக்குத் தெரியாதா?" என்று ஒருமுறை காசிமேட்டு மீன்காரி அடைக்கலமேரி கத்தினாள்.

"உனக்குத் தெரியும். கவுருமெண்டுக்குத் தெரியணுமே. சொல்லு ஆமான்னு."

எல்லாக் காகிதமும் மஜீதின் கணக்கில்தான் தயாராகிறது. கணினிக்கு அந்தப் பெயர்தான் என்று முதல் வருடம் முழுக்க அஜீசா நினைத்திருந்தார். படிவத்தில் 'பூர்த்தி செய்தவர்' என்று கேட்ட இடத்திலெல்லாம் மஜீது என்றே போட்டார். யாரோ ஒரு அதிகாரி விசாரிக்க வந்து, யார் இந்த மஜீது, ஒரு நாளைக்கு இத்தனை மனு எழுதுகிறாரே, என்று கேட்டிருக்கிறார். "எங்க கம்ப்யூட்டர் பாய் சார், தங்கமான மனுசன்" என்று தெருவே சொல்லி அனுப்பியது. ஆள் கடல் கடந்து இருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. விஷயம் புரிந்த பிறகும் அஜீசா அந்தப் பெயரை மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும், ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மஜீது கூப்பிடுவார். இங்கே அப்போது மணி நாலு இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், பேச்சு வேறு ஏதும் இல்லாதபோது, கணினி எழுந்திருக்க நேரமாகிறது என்று அஜீசா சொன்னார். மஜீது உடனே வழி சொன்னார்: "எம் பேர்ல கீற அக்கவுண்டத் தூக்கிட்டு உம் பேர்ல புச்சா ஒண்ணு போட்டுக்கோ. எனக்கு இன்னாத்துக்கு அது?"

பிறகு அவர் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்ட மகள் நவ்ரீனைப் பற்றி விசாரித்தார். தண்ணீர் லாரி வருகிறதா என்று கேட்டார். அஜீசா காதில் அவை விழவில்லை. மார்ச்சோடு மஜீதின் வேலை ஒப்பந்தம் முடிகிறது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இன்னும் ஒரு வருடம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அடைக்கலமேரியிடம் கேட்டார்: "வர்ற ஆளு அப்பிடிச் சொல்வாரா? எனக்கு இன்னாத்துக்குன்னு?"

"ஆம்பளைங்க வாய்ல வந்தத சொல்லுவானுங்க. நீ அதுக்கு அர்த்தம் தேடிக்கினு பேஜாராவாத."

"அர்த்தம் இல்லாம அவரு பேச மாட்டாரு. பேசுறதே கொஞ்சம்."

கணக்கை எடுக்காமல் நாளைக் கடத்தினார். தடைக்கால மனுக்கள் முடியட்டும் என்றார். பிறகு பென்ஷன்காரர்கள் முடியட்டும் என்றார். இந்த வாரம் ஒரு காலையில் மஞ்சள் ஹெல்மெட் வரவே இல்லை. கணக்கைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வரி, பின்னால் வெறும் நீலம், தெருவின் காகிதம் ஒன்றையும் காணோம். வாசலில் நின்றவர்களிடம் அஜீசா, "பாய்க்கு ஒடம்பு சரியில்ல, நாளைக்கு வாங்க" என்றார். உலையை இறக்க மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் செங்கொடி வந்தாள். தண்டையார்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். பாதி வேலை முடியும்வரை ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள்.

"யக்கா, இந்த அக்கவுண்ட் பூட்ச்சு. ஃபைல் எல்லாம் உள்ள பத்திரமா கீது. உம் பேர்ல ஒண்ணு போட்டு எல்லாத்தியும் அதுக்கு மாத்திடறேன். பழச தூக்கிடலாம்."

"படம்?"

"அதயும் மாத்தலாம்."

"சீட்டு?"

"இன்னா சீட்டு?"

"அவரு பாதி ஆட்டத்துல வுட்டுட்டுப் போனாரு. நான் தொடல."

செங்கொடி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "அது வராதுக்கா."

புதுக் கணக்குக்குப் பெயர் கேட்டது கணினி. ஊருக்கெல்லாம் பெயர் அடித்தவர் தன்னுடையதை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, ஆதார் அட்டையை எடுத்து வந்து ஒத்துப்பார்த்து அடித்தார். நாலாயிரத்துச் சொச்சம் காகிதங்கள் இடம் மாற முக்கால் மணி நேரம் பிடித்தது. அதுவரை இரண்டு பேரும் டீ குடித்தார்கள். புதுக் கணக்கு ஒரு நிமிடத்துக்குள் திறந்தது.

"பாரு, இன்னா வேகம்!"

"கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாரி கீது" என்றார் அஜீசா.

செங்கொடி பழைய கணக்கின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுக்குப் பாஸ்வேர்டு கூட கெடையாது. ஒரே அமுக்கு. நீயே அமுக்குக்கா."

அஜீசா மவுசின் மேல் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது. செங்கொடி சுவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். மணி நாலானது. கைபேசி அடித்தது. அஜீசா அதை எடுத்துப் பேச்சு வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"இன்னா அஜீசா, அத்தத் தூக்கிட்டியா?"

"முடியலீங்க. பாஸ்வேர்டு கேக்குது."

செங்கொடி வாயைத் திறந்தாள். அஜீசா அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"பாஸ்வேர்டா? நான் போட்டேனா?"

"போட்டுக்கீறீங்க."

"கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு ஒண்ணு கீதுன்னியே, அதாண்ட சொல்லி எடு."

"அதுக்கும் வரலியாம். போட்டவங்களே வந்தாத்தான் ஆவுமாம்."

மறுமுனையில் குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ இந்தியில் யாரையோ கூப்பிட்டார்கள்.

"இரு. நவ்ரீன் பொறந்த தேதி போட்டுப் பாரு."

அஜீசா கொஞ்ச நேரம் விட்டார். "வரல."

"நிக்காஹ் தேதி?"

"எந்தத் தேதின்னு சொல்லுங்க."

"தெரியாதா உனக்கு? ஜூன் பதினொண்ணு, தொண்ணூத்தி ஒம்போது. மழ பெய்ஞ்சிதே அன்னிக்கு. பந்தலு ஒழுகிச்சி. உங்க அத்தா பிரியாணி தேக்சாவுக்கு மேல கொடைய புடிச்சிக்கினு நின்னாரு."

"வரலீங்க."

"அப்ப நாம மொதல்ல குடியிருந்த கல்மண்டபம் வூட்டு நம்பரு. நாப்பத்தி மூணு. அது பழைய நம்பரா, புது நம்பரா?"

"ரெண்டும் சொல்லுங்க."

அவர் இரண்டையும் சொன்னார். பிறகு அந்த வீட்டு மாடியில் தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தைச் சொன்னார். முதல்முதலாக எண்ணூருக்கு வேலைக்குப் போன பஸ்ஸின் நம்பரைச் சொன்னார். செங்கொடி ஹெல்மெட்டைச் சத்தம் வராமல் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே காகிதங்களோடு காத்திருந்தவர்களைப் பேச வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

"அதுவும் இல்லியா?" என்றார் மஜீது.

"இல்லீங்க. வேற சொல்லுங்க" என்றார் அஜீசா. அவருடைய இரண்டு கைகளும் மடியில் கோத்தபடி இருந்தன.