பின்னேர வெயிலுக்கு உறுதி உண்டா?

சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் மீன் வியாபாரம் செய்யும் ரஞ்சி அக்காவின் பின்னேர வெயிலைப் பக்கத்து வீட்டுத் தவம் அண்ணை எடுத்துக்கொண்டார். களவு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். தன் மாடியில் இரும்புக் கால் நட்டு, அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியை ஏற்றி, அதன் நிழலை ரஞ்சி அக்காவின் சோலர் பனலில் விழுத்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரிகிறவரை வேறு எப்படிச் சொல்வது?

சோலர் விற்பது என்பது, வெயில் கொளுத்துகிற ஊரில் நின்று வெயிலின் அருமையைச் சொல்லி வாய் உலர்கிற தொழில். கம்பஸில் வகுப்பு இல்லாத நாட்களில் நான் இதைச் செய்கிறேன். திருகோணமலை நகரத்தில் நிஸாம் நானாவின் சின்னக் கடை. அவர் கூரையில் ஏறிப் பனலைப் பூட்டுவார், நான் கீழே நின்று விளக்குவேன். "நீங்க விளக்கி முடிக்கிறதுக்குள்ள நான் பூட்டி முடிச்சிருவன், தங்கச்சி" என்பது அவருடைய நிரந்தரக் குறை. வீட்டில் காலநிலை மாற்றம் பற்றி வாய் திறந்து, "முதல்ல சாப்பிட்டிட்டுக் கதை" என்று அடக்கப்பட்டவர் யாராவது இதை வாசித்தால் கிட்ட வாருங்கள். நாங்கள் ஒரே கட்சி.

அவை சொல்லுற விலை

முதலில் ரஞ்சி அக்காவுக்கு ஏன் சோலர் என்ற கதை. சல்லிக் கரையில் விடியக் காலமை வள்ளம் வந்ததும் மீன் எடுக்க நகரத்திலிருந்து வியாபாரிகள் வருவார்கள். வந்தவுடன் வாங்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் விட்டு, பிளேன்ரீ குடித்து, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் கதைத்து, வெயில் ஏறும்வரை குந்தியிருப்பார்கள். மீனின் கண் மங்கத் தொடங்கினால்தான் அவர்களுக்கு வாய் திறக்கும். மீன் விற்கிற பெண்கள் என்ன செய்வது? கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும், அல்லது உப்புப் போட்டுக் கருவாடாக்க வேண்டும்.

ரஞ்சி அக்கா ஒழுங்கையில் உள்ள பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தன் கூரையில் பனல் பூட்டுவித்து, விறாந்தையில் பெரிய ஃப்ரீசர் ஒன்றை வைத்தார். மெயின் கரண்டில் ஓட்டினால் மீன் விற்ற காசெல்லாம் பில்லுக்கே போய்விடும் என்பதால் பனலும் பற்றரியும்தான். முதல் மீன் வைத்த அன்றைக்கு நான் அவர்களுக்குப் புகை, கரி, பூமி சூடாவது எல்லாம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாபாரிகள் வழமைபோல வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். மீன் ஃப்ரீசருக்குள் போனது, மூடி விழுந்தது. ஒருவர் எழும்பி வந்து, "என்ன அக்கா, விக்கேல்லையோ?" என்று கேட்டார். ரஞ்சி அக்கா என் பக்கம் திரும்பினார். "முந்தி அவை சொல்லுற விலை, இப்ப நான் சொல்லுற விலை. இதைத்தானே பிள்ளை நீ இவ்வளவு நேரமா விளங்கப்படுத்தினனீ?"

தாங்கி ஏறிய கதை

தவம் அண்ணை மாடியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார். மேலே குளிக்கிறவர்களுக்குத் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று மாசி மாதம் தாங்கியை உயர்த்தினார். அப்போது பின்னேர நிழல் ரஞ்சி அக்காவின் முருங்கைமரத்தில் விழுந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. சித்திரை கழிந்து சூரியன் வடக்கே ஒதுங்க, நிழல் தெற்கே ஊர்ந்து ஊர்ந்து, நேரே பனலில் ஏறிப் படுத்துவிட்டது. அதுவும் நல்லாய் மீன் படுகிற காலத்தில். ஒரு பனலில் நிழல் விழுந்தாலே மற்றவையும் சோர்ந்து போகும். கரைவலை இழுக்கும்போது நடுவில் ஒருவர் கயிற்றை விட்ட மாதிரி. பின்னேரம் பற்றரியில் சேரவேண்டிய கரண்ட் சேராது. விடியும்போது ஃப்ரீசர் வியர்த்துக்கொண்டு நிற்கும். பனலை மற்றப் பக்கம் மாற்றலாமே என்பீர்கள். மற்றப் பக்கம் முழுக்கத் தென்னை மரம்.

போனேன். தவம் அண்ணையின் கேற்றில் பச்சை எழுத்தில் பலகை: 'இயற்கையோடு இணைந்த விடுதி'. அதை வாசித்தபோதே எனக்குக் காது சூடாகிவிட்டது. தாங்கியை மாடியின் மற்ற மூலைக்கு மாற்றலாம், குழாய் வேலையை நிஸாம் நானாவே பார்த்துத் தருவார் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பனிமலை உருகுவது, கடல் உயர்வது, அவருடைய கேற்றடிக்கே அலை வரப்போவது எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். கதிரை போட்டார். இளநீர் வெட்டித் தந்தார். நான் குடித்து முடித்த பிறகு சொன்னார்: "என்ர காணிக்கு உறுதி இருக்கு, பிள்ளை. அந்தப் பத்திரத்தை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கிறன். ரஞ்சியின்ர வெயிலுக்கும் அப்பிடி ஒரு உறுதி இருந்தா எடுத்துக்கொண்டு வா, பாப்பம்."

நெத்தலி

அந்தக் கோபத்தோடுதான் அடுத்த நாள் நிஸாம் நானாவோடு கிண்ணியாவுக்குப் போனேன். ஒரு உம்மா போனில் நிஸாம் நானாவுக்குச் சரியான ஏச்சு: பூட்டின புதிசில் நன்றாக வேலை செய்ததாம், இப்போது மத்தியானத்திலேயே கரண்ட் காணாதாம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டாராம். யாரையாவது பிடித்து வாதாட வேண்டும் என்று எனக்கும் கை துருதுருவென்றிருந்தது. பாலம் தாண்டிப் போய், குசினிக்குப் பின்னால் இருந்த பத்திக் கொட்டிலின் கூரையை எட்டிப் பார்த்தோம். பனல் தெரியவில்லை. பனல் முழுக்க நெத்தலி! வெள்ளிக் காசு பரப்பின மாதிரி வரிசை வரிசையாய்க் காய்ந்துகொண்டிருந்தது.

"நல்லாச் சுடுது, மண் ஒட்டாது, வழுக்கிறதால பூனையும் ஏறாது" என்றார் உம்மா. மூன்று காரணங்கள், மூன்றும் சரி. கம்பஸ் விவாதப் போட்டியில்கூட எனக்கு இப்படி ஒருவர் எதிரே நின்றதில்லை. பனலுக்கு வெயில் தெரியவேண்டும், அதன்மேல் ஒன்றும் கிடக்கக் கூடாது என்று மெதுவாகச் சொல்லி விளங்கப்படுத்தினேன். உம்மா தலையாட்டிக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பனலுக்கும் நெத்தலிக்கும் பொதுவாக ஒரு வழி சொன்னார். "அப்ப வெயில் போனாப்பிறகு காயவைக்கட்டா, புள்ள?"

மத்தியானத்தை வெட்டுவது

கந்தளாயில் குணம் அண்ணைக்கும் சுனில் அண்ணைக்கும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். தண்ணீர்ப் பிரச்சினையில் நெடுநாளாய் முகம் பார்க்காதவர்கள். பம்புக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் வரிசையில் நின்ற காலத்தில், அந்த வரிசையிலேதான் திரும்பப் பேசத் தொடங்கினார்களாம். பிறகு இரண்டு பேருமாய்ச் சேர்ந்து எங்களிடம் ஒரு சோலர் பம்ப் எடுத்தார்கள். காலையில் ஒருவருக்கு, பின்னேரம் ஒருவருக்கு என்று முறை. பம்ப் நன்றாக இழுப்பது மத்தியானத்தில் என்று கண்டுபிடிக்கும்வரை எல்லாம் சுமுகம்.

நாங்கள் போனபோது இரண்டு பேரும் பம்படியில் நின்று, ஒருவர் தமிழில், மற்றவர் சிங்களமும் தமிழும் கலந்து, ஒரே மத்தியானத்துக்குச் சண்டை. "மிஸ், அதை ரெண்டா வெட்டித் தர ஏலாதா?" என்றார் சுனில் அண்ணை. நான் நீதி, சமத்துவம் என்று தொடங்குவதற்குள் நிஸாம் நானா குறுக்கிட்டு, இன்றைக்கு முழு நாளும் ஒருவருக்கு, நாளைக்கு முழு நாளும் மற்றவருக்கு என்று தீர்த்துவைத்தார். குணம் அண்ணை உடனே ஓம் என்றார். சுனில் அண்ணை வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "சரி மிஸ். ஆனா என்ட நாளில முகில் வந்தா, அதில பாதி அவருக்கும் குடுக்கணும்."

உலகம் முடிகிற செய்தி

என் அறைத்தோழி தர்சி நாள் தவறாமல் போனில் உலகம் அழிவதைப் படித்து எனக்கு ஒப்புவிப்பாள். "காடு எரியுது, பனி முடியுது, அங்க போர், இங்க வெள்ளம். நீ என்னடாவெண்டா ஒரு தண்ணித் தாங்கிக்கு நிண்டு அழுறாய்." வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன். அந்தக் கிழமை ரஞ்சி அக்கா திரும்பவும் வியாபாரிகள் சொன்ன விலைக்கு மீனைக் கொடுத்திருந்தார். வேப்பமரத்தடியில் பிளேன்ரீ கோப்பைகள் பழையபடி வரிசையாக இருந்ததை என் கண்ணாலேயே கண்டேன். உலகம் அழிவதைவிட அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. அதனால் வழமையைவிடச் சத்தமாக வாதாடினேன்.

மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் எல்லோரும் வாசலில் குந்தியிருந்து விசிறியால் நுளம்பு அடித்தோம். அப்போது எங்கள் தெருவில் ஒரு பனல் இல்லை. இப்போது சல்லி பஸ்ஸில் போகும்போது பனல் பூட்டிய கூரைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் கணக்குப் பிழைத்துப்போய் விட்டுவிடுகிறேன். அதெல்லாம் பெரிய மாநாட்டில் முடிவெடுத்து வந்ததா? ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தி கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்பட்டாள், அதனால் வந்தது. ஊரில் கோபப்பட ஆள் இருக்கும்வரை எனக்கு நம்பிக்கை விட்டுப்போகாது என்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பஸ் விடுதியில் கரண்ட் போய், மின்விசிறி நின்றது. என் யன்னலில் நாள் முழுக்க வெயில் குடித்திருந்த சின்னப் பனலைத் தர்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, உலகம் முடியத்தான் போகுது. அதுக்கு முதல் என்ர போனைக் கொஞ்சம் சார்ஜ் பண்ணித் தா."

சர்பத்

சல்லி அம்மன் கோவில் பொங்கலுக்கு நகரமே திரண்டு வரும். அந்தக் கிழமை ஒழுங்கையில் மீன் வாடையே இராது. வலை இறங்காது, சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ரஞ்சி அக்காவும் ஃப்ரீசரைத் தேய்த்துக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். தவம் அண்ணை வருஷா வருஷம் தன் கேற்றடியில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, கோவிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு ஐஸ் போட்ட சர்பத் கொடுப்பார். அதில் அவருக்குப் பெரிய பெருமை. வழமையாக நகரத்தில் ஐஸ் கட்டி எடுப்பவர், இந்த முறை பக்கத்திலேயே ஃப்ரீசர் இருக்க ஏன் அவ்வளவு தூரம் ஓட வேணும் என்று, பொங்கலுக்கு முதல் நாள் காலையிலேயே தண்ணீர்ப் பைகளைக் கொண்டுவந்து அதற்குள் அடுக்கிவிட்டார். அம்மன் காரியத்துக்குக் கேட்டால் மறுக்க ஏலாது. "அண்ணை, பின்னேரத்தில கரண்ட் காணாது, இறுகாது" என்று ரஞ்சி அக்கா சொன்னார்தான். "ஒரு தாங்கி நிழலுக்கு ஃப்ரீசர் நிக்குமோ? சும்மா அந்தக் கம்பஸ் பிள்ளையின்ர கதையைக் கேட்டுக்கொண்டு" என்றாராம்.

பொங்கலன்று பின்னேரம் கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. நான் பந்தலில் குவளை கழுவிக்கொண்டு நின்றேன். சனம் வரிசையாக வந்தது. தவம் அண்ணை புது வேட்டியோடு போய் ஃப்ரீசரைத் திறந்தார். பைகளுக்குள் தண்ணீர் குளுகுளுவென்று ஆடியது. ஒரு கட்டி ஐஸ்கூட இல்லை. ஓடிவந்து சர்பத்தை அப்படியே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். முதல் குவளையை வாங்கிய அம்மா ஒருவர், பால்செம்பைத் தலையில் ஒரு கையால் பிடித்தபடி ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பி நீட்டினார். "தம்பி, இது குடிக்கத் தந்ததோ, கால் கழுவத் தந்ததோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தவம் அண்ணை என்னிடம் பாய்ந்தார். "உன்ர சோலரைக் கொண்டுபோய்க் கடலில போடு, பிள்ளை!" நான் பதிலுக்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் ரஞ்சி அக்கா வந்து அவருடைய கையைப் பிடித்துத் தன் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சண்டை பிடிக்கவில்லை. கூரையைக் காட்டினார். "அங்க பாருங்கோ அண்ணை. நீங்கள் ஊருக்குத் தண்ணி குடுத்துக்கொண்டு நிக்கிறியள், உங்கட தாங்கி என்ர பனலில படுத்து நித்திரை கொள்ளுது."

தாங்கியின் நிழல் கால்கள் நாலையும் நீட்டிக்கொண்டு அச்சு அசலாய்ப் பனலில் கிடந்தது. தவம் அண்ணை நிழலைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், தெருவில் நீண்டு நின்ற வரிசையையும் ஒருமுறை பார்த்தார். பனிமலை உருகுவதைச் சொல்லி அசைக்க ஏலாத மனிதரைச் சர்பத்துக்கு வைத்த ஐஸ் இறுகாமல் கிடந்தே அசைத்துவிடும் என்று, நான் படித்த ஒரு புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் என் பங்குக்கு வாதத்தைத் தொடங்க வாய் திறந்தேன். அவர் கையைத் தூக்கி மறித்தார்.

"வெயிலுக்கு என்னட்டையும் உறுதி இல்லைத்தான், பிள்ளை. பொங்கல் முடிய நிஸாமை அனுப்பு, தாங்கியை மற்ற மூலைக்கு மாத்துவம். ஆனா நீ வந்து விளங்கப்படுத்தப்படாது, சொல்லிப்போட்டன்."